தூறல் அண்ணனின் மருந்து பம்பு

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வைப்பரை ஆட்டிக்கொண்டு மலையேறும் பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் பஸ் அப்படித்தான் ஏறும். அதை ஓட்டியவருக்குத் தூறல் என்று பெயர் வந்ததே அதனால்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அவருக்கு நான் பதினாறு வருடம் கண்டக்டராக இருந்தேன்.

மலைக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் ரேடியேட்டர் கொதித்துவிடும். நாளடைவில் அதுவும் ஒரு ஸ்டாப்பிங் மாதிரி ஆகிவிட்டது. தினமும் எங்கள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும் வாத்தியாரம்மா இறங்கிப் பாறையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவார். முக்கால் மணி நேரம் கழித்து எஞ்சின் மனசு வைத்தால் கிளம்புவோம். திட்டு மட்டும் எனக்கு. டிரைவரை யாரும் திட்ட மாட்டார்கள், உயிர் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

ஒருநாள் அண்ணன் தோளில் ஒரு பம்பைச் சுமந்துகொண்டு வந்தார். தோட்டத்தில் பூச்சிக்கு மருந்தடிப்பார்களே, அதேதான், புத்தம் புதுசு. அதை என் சீட்டுக்குப் பக்கத்தில் கட்டினார். குழாயைத் தரையில் ஒரு ஓட்டை போட்டு முன்பக்கம் கொண்டுபோய், ரேடியேட்டருக்கு எதிரே நான்கு பித்தளை மூக்குகளைப் பொருத்தினார். ஒவ்வொன்றிலும் ஊசிமுனை அளவுக்குத் துளை. கைப்பிடியை ஏற்றி இறக்கினால் தண்ணீர் பனி மாதிரி பறக்கும். ரேடியேட்டரின் சூடு அதோடு போய்விடும்.

"ஸ்டியரிங்கும் கியரும் என் கையில. பம்பு உன் கையில. ரெண்டு ஹாரன் குடுத்தா அடி, தம்பி."

"அப்ப டிக்கெட்டை யாருண்ணே கிழிக்கிறது?"

"வலது கையால அடி, இடது கையால கிழி."

முதல் நாள் பின்சீட்டு அம்மா ஒருவர், "ஏம்ப்பா, எங்களுக்கு மருந்தடிக்கப் போறியா?" என்று கேட்டார். "கேள்வி கேக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அன்று ஒன்பதாவது வளைவில் நாங்கள் நிற்கவில்லை. நோட்டைக் கையில் எடுத்த வாத்தியாரம்மா அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். பறந்த தண்ணீரில் கொஞ்சம் கண்ணாடியில் வந்து படிய, அண்ணன் வைப்பரைப் போட்டார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ மழையையே அவர் வரவழைத்தது போல இருந்தது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அண்ணி கறார். அண்ணி என்றால் அண்ணனின் மனைவி, மலை உச்சி ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே நர்ஸ். ஊசிகளைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் ஊற்றுத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர். "அந்தத் தண்ணி வேண்டவே வேண்டாம், தம்பி. ஓட்டையெல்லாம் அடைச்சிக்கும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்து மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பார். தினமும் காலையில் இரண்டு கேன் அதில் மொண்டு கீழே கொண்டுவருவது என் வேலை.

இங்கேதான் என் கதை வருகிறது. பஸ் இரவு தங்குவது உச்சியில். அண்ணன் வீடு அங்கே. என் வீடோ கீழே, பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஆறு நாள் மேலே, ஒரு நாள் கீழே. ஒரு விடுமுறை நாளில் யூனிபார்மோடு வாசலில் போய் நின்றேன். மூன்று வயது நிறையாத என் மகள் உள்ளே திரும்பி, "அம்மா, கண்டக்டர் மாமா வந்திருக்காங்க" என்றாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் நான் மேலிருந்து கேன் தூக்குவதை நிறுத்திவிட்டேன். அடிவாரத்து ஊற்றிலேயே நிரப்பிக்கொண்டேன். சோம்பேறித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மலை பஸ் நின்றுபோனால் கீழே வீட்டோடு இருக்கலாம் என்று மனசு கணக்குப் போட்டிருந்தது.

ஒரே மாதத்தில் பஸ் இரண்டு தடவை ஒன்பதாவது வளைவில் நின்றது. "மூக்கெல்லாம் சுத்தமா இருக்கா, தம்பி?" என்று அண்ணன் கேட்டார். "இருக்குண்ணே" என்றேன். டிப்போ மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை நானே வர்றேன். வழியில நின்னுச்சோ, இந்த பஸ்ஸை எடுத்துட்டு மலைக்கு வேன் விட்டுடுவேன். நீங்க ரெண்டு பேரும் கீழ டவுன் ரூட்டுக்கு வந்துடுங்க."

அண்ணிக்கு மாற்று ஆள் இல்லை, அவரால் மலையை விட்டு இறங்க முடியாது. அப்படியானால் அண்ணன் கீழே ஒண்டுக் குடித்தனம் இருந்து வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்குப் போகலாம். எனக்கு? தினமும் சாயங்காலம் என் வீடு, என் மகள்.

வியாழக்கிழமை காலை பஸ் கீழே ஸ்டாண்டுக்கு வந்ததும் மேனேஜர் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். நான்கு மூக்கில் மூன்று வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. நிமிர்ந்தால் எங்கள் மொட்டைமாடி தெரியும். கொடியில் என் மகளின் மஞ்சள் கவுன் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும்.

டீக்கடைக்குப் போயிருந்த அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "எல்லாம் சரிதானே, தம்பி?" என்றார். கேட்டுவிட்டு நேராகப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன்.

என் பையின் ஜிப் பிய்ந்து போனதால் மனைவி அதில் ஒரு ஊக்கு குத்திக் கொடுத்திருந்தாள். அதைக் கழற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் படுத்தேன். ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். "அங்க என்னய்யா பண்றே?" என்று மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பல்லு விளக்கி விடறேன், சார்" என்றேன்.

ஆறாவது வளைவிலேயே இரண்டு ஹாரன். அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல அடித்தேன். வாய் திறந்த பையிலிருந்து சில்லறை கொட்டி உருண்டது. சிவப்பை நோக்கிப் போன சூடு காட்டும் முள் நின்றது, பிறகு மெதுவாக இறங்கியது. ஒன்பதாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. உச்சியில் இறங்கும்போது மேனேஜர், "சரி, ஓடட்டும்" என்றார். அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்த துணியையே மறுபடியும் உதறி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ஊக்கு எங்க?" என்றாள். கொடுத்தேன். முனை வளைந்து, வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, நிமிர்த்தி, திரும்பப் பையில் குத்தினாள்.

"இனிமே மேல இருந்தே தண்ணி கொண்டுவாங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் அந்த இருபது நிமிடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். மாமா அப்பாவானது அங்கேதான்.

இப்போது வரும் பஸ்கள் கொதிப்பதே இல்லை. வாத்தியாரம்மாவின் பாறையில் யாரும் உட்காருவதும் இல்லை. போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். பம்பு இன்னும் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டாமல் விடமாட்டார்.

"எத்தனை வருஷம்மா! ஒருநாள்கூட அடைச்சதில்ல. உன் வீட்டுக்காரன் அப்படிப் பாத்துக்கிட்டான்" என்றார் என் மனைவியிடம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆமாண்ணே," என்றாள். "ஒருநாள்கூட அடைச்சதில்ல."