எட்மண்ட் சாரும் ப்ராக்ஸியும்

கிழக்குத் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் நடத்திய எட்மண்ட் சாருக்குப் பிடிக்காத விஷயங்கள் நிறைய. அவற்றில் தலையாயது ப்ராக்ஸி. வகுப்புக்கு வராதவனுக்காக வந்தவன் குரலை மாற்றி ‘பிரசன்ட் சார்’ சொல்வதற்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. மற்ற வாத்தியார்களிடம் நடக்கும், இவரிடம் அந்தப் பாச்சா பலிக்காது. தலையைத் தூக்காமலே, “அது நீ இல்லை, உட்கார்” என்பார்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவன் இரும்புலியூர் கேசவன். பிற்பாடு அவனே சாரின் ஒரே மகள் பேபியைக் கோயிலிலும் இல்லாமல் சர்ச்சிலும் இல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டு மஸ்கட்டுக்குக் கூட்டிப் போனான். வீட்டில் மாப்பிள்ளைக்குப் பெயர் ‘ப்ராக்ஸி கொடுத்த பய’. மகள் எழுதும் கடிதங்களைச் சார் ஒழுங்காகப் படிப்பார். கேசவன் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்வார்.

தொண்ணூற்றெட்டில் பேபி முழுகாமல் இருந்தாள். பிரஷர் ஏறுகிறது, டாக்டர் பயமுறுத்துகிறார், வீடு வேறு மாறுகிறோம், புது வீட்டுக்கு இன்னும் போன் வரவில்லை, இனி ஈமெயிலில் சொல்கிறோம் என்று எழுதியிருந்தாள். டாக்டர் குறித்த நாள் தாண்டிவிட்டது. சாரின் மனைவி தனம் சோற்றைப் போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாருக்கும் பயம்தான். அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாததால் ரசத்தில் உப்பில்லை என்றார்.

பௌதிக லேபுக்கு அந்த வாரம்தான் இன்டர்நெட் வந்திருந்தது. வந்துவிட்டதாகச் சொன்னார்கள். சார் தட்டினால், இணைப்பு இல்லை என்று திரை சொல்லும். மறுபடி தட்டுவார், மறுபடி சொல்லும். கடைசியில் கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பாளர் ஸ்ரீரங்கனைக் கூப்பிட்டார்.

ஸ்ரீரங்கன் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். “சார், நான் ப்ராக்ஸி போட்டுட்டுத்தானே போனேன். யார் எடுத்தது?”

“நான்தான். என் மெஷின்ல ப்ராக்ஸி கூடாது.”

ஸ்ரீரங்கன் இவரிடம் படித்தவன், அதனால் சிரிக்கவில்லை. “சார், நம்ம காலேஜுக்கு ஃபயர்வால் இருக்கு. உள்ள இருக்கற மெஷின் எதுவும் நேரா வெளிய போக முடியாது. வாசல்ல ஒரு மெஷின் நிக்குது. நீங்க கேக்கறதை உங்களுக்காக அது போய் வாங்கிட்டு வரும். அதோட அட்ரஸை இங்க போடணும், அவ்ளோதான்.”

“எனக்கு பதிலா வேற ஒருத்தன் வந்திருக்கான்னு அங்க இருக்கறவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

“இதைத்தான்யா நான் காலமெல்லாம் பிடிச்சேன்” என்றார் சார். பிறகு, “போடு” என்றார்.

பெட்டி திறந்தது. ஒரே ஒரு மெயில். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: ‘அப்பா, சுகப்பிரசவம். பெண் குழந்தை. இருவரும் நலம். அம்மாவிடம் சொல்லுங்கள். பேபி.’

“கங்கிராஜுலேஷன்ஸ் சார்!” என்றான் ஸ்ரீரங்கன்.

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பேபி அவரை ‘டாடி’ என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ப்ராக்ஸி குரல் கேட்கிறது என்றால், உரிய ஆள் வரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: ‘கேசவா, இது பேபி இல்லை. அவள் எங்கே?’

அன்று வீட்டில், இணைப்பு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னார். தனம் நம்பினாள். அவர்தான் பொய் சொல்லாதவர் ஆயிற்றே.

மறுநாள் லேப் திறந்ததும் பதில் இருந்தது. ‘சார், மன்னிக்கணும். ஆபரேஷன். குழந்தை நலம். பேபிக்கு நினைவு தப்பிவிட்டது. என் பேரில் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உள்ளதைச் சொன்னால் அத்தை தாங்க மாட்டார்கள். அதனால் அப்படி எழுதினேன். இன்று காலை கண் விழித்தாள். நீங்கள் கேட்டதைச் சொன்னேன். கீழே இருப்பது அவள் சொல்லச் சொல்ல நான் தட்டியது.’

கேசவன் தன் பேரில் எழுதியதை அவர் முழுசாகப் படித்தது அதுதான் முதல் தடவை. கீழே ஒரு வரி இருந்தது.

‘பிரசன்ட், டாடி.’

சார் முதல் வகுப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே, “பேத்தி பிறந்திருக்கா. பேபி நல்லா இருக்கா” என்றார்.

“யாருங்க சொன்னது?” என்று அழுதுகொண்டே கேட்டாள் தனம்.

“மாப்பிள்ளை” என்றார் சார்.