முதுகில் போன பருத்தி விதை: திருச்சுழியிலிருந்து நாலு மைல்

அறுபத்தெட்டு புரட்டாசியில் நானும் அண்ணன் பெண்டாட்டியான மதினியும் அருப்புக்கோட்டையில் பருத்தி விதை வாங்கிக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போனோம். அங்கே கூரை ஒழுகி, வைத்திருந்த விதையெல்லாம் முளைவிட்டுப் போயிருந்தது. கரிசலில் நல்ல ஈரம். அன்று சாயங்காலத்துக்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் வெள்ளாமை கிடையாது.

காலை ஏழு மணி பஸ். திருச்சுழிக்கு முக்கால் மணி நேரம், டிக்கெட் நாற்பது பைசா. அதற்கப்புறம் பரளச்சிப் பாதையில் நாலு மைல். பாதை சேறாகிப் பஸ் போகவில்லை, நடந்தோம்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன். ஆனால் தலைச்சுமையில் என்னை ஜெயிக்க ஆளில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக் கையை வீசி நடந்தேன். பர்மாவில் வளர்ந்த மதினியோ தன் மூட்டையைப் பழஞ்சேலையால் முதுகோடு கட்டிக்கொண்டார்.

“என்ன மதினி, பொதிக்கழுதையாட்டம்?”

“ரங்கூன்ல பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மா இப்படித்தான் கட்டுவாக. அவுக பாஷையில ‘மே’ன்னா முதுகுல சுமக்குறது. மூட்டைக்கும் அதான், புள்ளைக்கும் அதான்.”

“ஆடு கத்துறாப்புல இருக்கு.”

“கத்திட்டுப் போகுது. நீ பாத்து நட.”

ஒரு மைல் தாண்டியதும் பாதத்தில் கரிசல் அப்பி, கால் இரும்பாகக் கனத்தது. தலைச்சுமையோடு குனிந்து பார்க்க முடியுமா? சறுக்கினேன். தண்ணீரில் விழப்போன மூட்டையை மதினி இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். ஒரு முனை மட்டும் நனைந்தது.

“வீம்பு போதும் புள்ள. திரும்பி நில்லு.”

மிச்சமிருந்த சேலைத்துண்டால் மூட்டையை என் முதுகில் கட்டி முடிச்சுப் போட்டார். “இப்பச் சொல்லு.”

“மே,” என்றேன்.

குனிந்த முதுகோடு மண்ணைப் பார்த்தே நடந்தேன். மழைக்கு மண்ணிலிருந்து வரும் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஊர்ந்தன. தேங்கிய தண்ணீரில் மேகம் போனது. அதை மிதித்து மிதித்து வானத்தில் நடக்கிறாற்போல் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர்ப் பாதை. இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை.

பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். ஏர் பூட்டி நின்ற அண்ணன் சிரித்தார். “ஏத்தா, ரெண்டு பேருக்கும் கூன் விழுந்திருச்சா?”

பேசிக்கொண்டே என் மூட்டைக்குள் கையை விட்டார். சிரிப்பு நின்றது. நனைந்ததில் ஒரு படி ஒதுக்கினார். மீதி காய்ந்தே இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க விதையைச் சாணிப்பாலில் புரட்டி, ஐந்து மணிக்குள் விதைத்து முடித்தோம்.

மழைக்குப் பின் அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், கரிசலில் அறுந்துவிடும். நாலு மைல்தானே என்று நினைக்காதீர்கள், மூன்றரை மணி நேரம் ஆகும்.

ஆறாம் நாள் வயலோரம் வரிசையாக முளை தெரிந்தது. வீடு திரும்ப என் துணிமூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, திருச்சுழிக் கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, பஸ்ஸுக்கு நடந்தேன்.