லூவெல்லாவின் ஏழாவது குண்டு

மொன்டானாவில் எங்கள் ட்ரை ஃபோர்க் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற லூவெல்லா பிரஸ்ட்டுக்கு அறுபத்தேழு வயது. ஒரு ஜனவரியில் பனிக்குவியலில் புதைந்த பேருந்தை அவள் இறங்கி நின்று முறைத்தாளாம். அது தானாகவே பின்வாங்கி வெளியே வந்துவிட்டதாம். அவளிடம் ஒருமுறையாவது முறைப்பு வாங்கியவர்கள் யாரும் இந்தக் கதையைச் சந்தேகித்ததில்லை. முதலில் சொன்னவளே நான் என்பதால் நானும் சந்தேகிப்பதில்லை.

அவளிடம் ஒரு கைத்துப்பாக்கி உண்டு. முழுக்க இரும்பு, ஏழே குண்டு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் பருமன். 1911-இல் பிறந்த மாடல். அதனால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே 'நைன்டீன் லெவன்'தான்.

வருஷாவருஷம் செப்டம்பரில் ஆற்றுக்கு அக்கரை ஊரோடு எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போட்டி. மேசைமேல் புட்டி வடிவ பௌலிங் கட்டைகள் ஐந்தை நிறுத்தி வைத்து, சுட்டுத் தரையில் தள்ள வேண்டும்; சீக்கிரம் தள்ளி முடிப்பவருக்கே வெற்றி. ஐவர் அணியில் இருபத்திரண்டு வருஷமாக லூவெல்லாவின் இடம் காலியானதே இல்லை. இந்த வசந்தத்தில் அவளுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன் நடந்தது. கிளப் செயலாளர் மெர்ல் ஹாஸ்கெட் அதைப் பிடித்துக்கொண்டார்.

"லூவெல்லா, அது துப்பாக்கியா, டிராக்டர்லேருந்து கழண்டு விழுந்ததா? பிளாஸ்டிக் உடம்புக்காரி ஒண்ண வாங்கு. பாதி எடை, பதினேழு குண்டு. இல்லன்னா டீம்ல உன் பேர எழுத மாட்டேன்."

"வாங்கிப் பாக்கறேன் மெர்ல். நீ எப்ப மீசைய மாத்தப்போற? அது என் துப்பாக்கிய விடப் பழசு."

கடையிலிருந்து மூன்றை இரவல் வாங்கி, சொன்னபடி நேர்மையாகவே முயன்றாள். முதலாவதில், சுடுமுன் கட்டைவிரலால் தட்டி இறக்கப் பாதுகாப்புப் பூட்டே இல்லை. வாழ்நாளெல்லாம் பூட்டைத் தட்டிப் பழகிய விரல் ஒவ்வொரு தடவையும் காற்றைத் தட்டியது. அந்த அசைவில் குறி விலகியது. இரண்டாவதன் தலையில், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி. சமையலறையில் ஈயைத் துரத்துவதுபோல் புள்ளியைத் துரத்தினாள். மூன்றாவது நல்ல துப்பாக்கி. காகிதத்தில் பதினேழு குண்டையும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் இறக்கினாள். மெர்லுக்கு வாயெல்லாம் பல். ஆனால் மறுநாள் கட்டைகளைச் சுட்டபோது, அதன் சின்னக் குண்டுக்குத் தள்ளும் பலம் போதாமல், அவை பட்டென்று சாய்ந்து மேசைமேலேயே படுத்துக்கொண்டன.

லூவெல்லா மூன்றையும் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரும்புக்காரிக்கு எண்ணெய் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, அணித் தேர்வு. ஸ்டாப்வாட்ச் என் கையில். லூவெல்லா உறையைத் திறந்ததும் மெர்ல் பேனாவை மூடினார்.

"நான்தான் சொன்னேனே."

"நானும் கேட்டேனே. முதல்ல நீ சுடு. அப்புறம் நான். உன்னைவிட ஒரு நொடி பிந்தினாலும் நானே என் பேர அடிக்கிறேன். முந்தினா நீ எழுதணும். எல்லாரும் கேட்டுக்குங்க!"

கோழிவறுவல் தின்றுகொண்டிருந்த முப்பது பேரும் கேட்டார்கள். மெர்லால் மறுக்க முடியவில்லை.

மெர்ல் தன் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட்டார். மூன்றே நொடியில் ஐந்திலும் பட்டது. குறையே சொல்ல முடியாது. இரண்டு தரையில் விழுந்தன. மூன்று மேசையில் சாய்ந்து உருளத் தொடங்கின. படுத்த கட்டையைச் சுட்டால் அது தள்ளிப்போகாமல் தட்டாமாலை சுற்றும். பதினேழு குண்டும் தீர்ந்தபோது ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"முடிக்கவே இல்லையே மெர்ல், என்ன நேரம்னு எழுதட்டும்?" என்றேன். அவர் காதில் விழவில்லையாம். யாரோ ஒருவர் மேசையைத் துடைத்து லூவெல்லாவுக்கு ஐந்து கட்டைகளை நிறுத்தினார்.

விசில் ஊதினேன். கட்டைவிரல் பூட்டைத் தட்டியது, இந்தத் தடவை அங்கே பூட்டு இருந்தது. முதல் கட்டை கழுதையிடம் உதை வாங்கியதுபோல் பறந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படியே. ஒவ்வொரு வெடிக்கும் மணிக்கட்டு துள்ளுவதும் அவள் பல்லைக் கடிப்பதும் தெரிந்தது. ஐந்தாவதில் குண்டு கழுத்தோரம் உரச, கட்டை மேசையிலேயே சாய்ந்தது. மெர்ல் மூச்சை இழுத்தார். லூவெல்லா அவசரப்படவில்லை. கட்டை உருண்டு அதன் அடிப்பாகம் தனக்கு நேராகத் திரும்பும்வரை பொறுத்து, ஆறாவது குண்டை விட்டாள். அந்தக் கட்டை அக்கரை ஊரில் போய் விழுந்தது என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஆறு நொடி.

அவள் குண்டு அடுக்கும் கூடான மேகசினைக் காலியாக உருவி, துப்பாக்கியின் மேல்சட்டத்தைப் பின்னுக்கு இழுத்தாள். குழலில் மிஞ்சியிருந்த ஏழாவது குண்டு துள்ளி உள்ளங்கையில் விழுந்தது. வீங்கத் தொடங்கிய கையாலேயே அதை மெர்லின் பட்டியல்மேல் நிறுத்தி வைத்தாள்.

"மிச்சம் ஒண்ணு இருக்கு மெர்ல். உனக்குத்தான் ஒரு கட்டை பாக்கி."

"உன் கை..."

"என் கை, நான் பாத்துக்கறேன். நீ பேனாவத் திற."

மெர்ல் எழுதினார். துப்பாக்கி என்ற கட்டத்தில் 'பழசு' என்று போட்டார். லூவெல்லா பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு, '1911' என்று எழுதினாள், பக்கத்துக் கட்டம் வரைக்கும் நீளமாக.