பாதி எங்கே போனது

தோழிகளே, பழனியம்மாளைப் பற்றி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லமாட்டேன். விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் தன் ஊரான திருப்புலி நாட்டுக்குப் போனவள் விடுதிக்குத் திரும்பவில்லை. அவளுடைய அப்பா மிளகு மூட்டையோடு காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கி வந்து, பள்ளி வாசலில் நின்று, "பாப்பா போயிருச்சுங்க டீச்சர். மலைக் காய்ச்சலுங்க" என்றார்.

நானும் அவளும் ஒரே பெஞ்சு. இரண்டு ஊறுகாய் ஜாடிகளில் உள்ளும் புறமும் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகள் செய்தோம். நான் ஒட்டியதைப் பார்த்து, "ஏங் கண்ணு, இது ஜாடியா, கசங்கின ரவிக்கையா?" என்றாள்.

ஒன்றில் மின்சாரம் ஏற்றி, வெறும் ஜாடியோடு கம்பியால் இணைத்தோம். பொறி பறந்தது. மின்னழுத்தம் இரண்டிலும் பாதியாக நின்றது. சக்தியோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு ஜாடியிலும் கால் பங்கு. இரண்டும் சேர்ந்தால் பாதி. மீதியைக் காணோம்.

பள்ளி அறிவியல் கண்காட்சியில் சிறந்து விளங்குபவளுக்குத்தான் மேல்படிப்புச் சிபாரிசு. பழனியம்மாளுக்கு வேறு வழி கிடையாது. டீச்சர், "சக்தி அழியாதுன்னு பாடத்துல இருக்கு. கணக்கைச் சரிக்கட்டிக் கொண்டா, இல்லாட்டி வைக்காதே" என்றார்.

"எழுதாம உட்டா, போனது திரும்பி வந்துருங்களா டீச்சர்?" என்று கேட்டாள் அவள்.

பொறியில்தான் போகிறது என்றேன் நான். மறுநாள் கம்பிக்குப் பதில் ஈர நூலைக் கட்டினாள். பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. அளந்தால் அப்போதும் பாதிதான்.

"சத்தம் போடாமயும் போகுது பாரு. நூலு சூடாகியிருக்கும். நம்ம கைக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள்.

கண்காட்சியில் ஜாடிகள் இடம்பெறவில்லை. சிபாரிசு இன்னொருத்திக்குப் போனது. பழனியம்மாள் ஜாடிகளைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட வந்தாள். எப்போதும்போல என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

நேற்று மாலை இரங்கல் கூட்டத்தில் டீச்சர் எழுந்து, "நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். பழனியம்மாள் கணக்கு சரி. பாதி சூடாகத்தான் போகிறது" என்றார். 

கணக்கில் குறைவதைக் குறைகிறது என்றே எழுதி, அது போன இடத்தைத் தேடும் பழக்கத்தை அவளிடமிருந்து எனக்கென வைத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு வந்திருந்த அவளுடைய அப்பா கேட்டது ஒன்றுதான்: "எம்பட பாப்பா செஞ்சத ஒருக்கா காட்டுங்க சாமி."

அவரை அவளுடைய இடத்தில் உட்காரவைத்தோம். பொறி தெரிய இருட்டு வேண்டும். ஜன்னல்களைச் சாத்தினோம். நான் கம்பியைக் கையில் எடுத்தேன். டீச்சர் விளக்குகளை அணைத்தார்.