குன்வோர் சொல்லிக்கொடுத்த நிழல்

குன்வோர் நல்லவதான். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சொல்ல எனக்கு மனசு வராது.

இருபத்தாறு வருஷம் பல் டாக்டர்கிட்ட வேலை பார்த்தா. ஓய்வு வாங்கினதும் கார் ஷெட்டுல ஒரு சாம்பல் நிறத் துணியைக் கட்டி, ஊர்க்காரங்களை நிக்க வெச்சுப் படம் எடுக்க ஆரம்பிச்சா. கையில துடைப்பக்கட்டையைக் குடுப்பா. படத்துல அது வாளாயிடும். பேக்கரிக்காரர் மகள் மூஞ்சிக்கு நேரா ஹேர் டிரையரைப் பிடிச்சா, அவ வனராணி. காடு, ஏரி, மூடுபனியெல்லாம் தனியா எடுத்து வெச்சுப்பா. நடுவுல இடம் விட்டே எடுப்பா, அப்புறம் ஷெட்டுல எடுத்த ஆளைக் கம்ப்யூட்டர்ல வெட்டி அங்க நிறுத்தறதுக்கு.

"ஒட்டுனதே தெரியலையே, எப்படிடி?"ன்னு ஒருநாள் கேட்டேன்.

"நிழல்தான், ஹெர்டிஸ். ஆள் மேல விழற வெளிச்சமும் காட்டுல விழற வெளிச்சமும் ஒரே பக்கத்துலேர்ந்து வரணும். எந்தப் படமானாலும் முதல்ல நிழலைப் பாரு. பொய் அங்கதான் மாட்டும்."

அவ ஒரு நல்ல சதுப்பு நிலத்துக்காக ரெண்டு வருஷமா அலைஞ்சா. எனக்கு ஒண்ணு தெரியும். ஆனா அது என் முல்டே இடம். சதுப்புல காய்க்குமே, பழுத்தா பொன்னா மின்னுமே, அந்தப் பழம். எங்க ஊர்ல ஏடிஎம் ரகசிய எண்ணைக்கூடச் சொல்லிடுவாங்க, முல்டே இடத்தைச் சொல்ல மாட்டாங்க. பதினோரு கோடை அலைஞ்சு நான் கண்டுபிடிச்சது. என் புருஷனுக்கே தெரியாது.

குன்வோரைக் கூட்டிட்டுப் போனேன். ஜூன் மாசம், காலை நேரம். ஏரியோரம் ஒரு பாறை, ஒரு வளைஞ்ச பைன் மரம், சுத்தி முல்டே செடியெல்லாம் வெள்ளைப் பூ. ரப்பர் பூட்ஸோட ஈரத்துல குப்புறப் படுத்துப் படமா எடுத்துத் தள்ளினா. திரும்பும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"பயப்படாதே, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். எனக்குத் திசையே தெரியாதுடி. தனியா விட்டா உன் வீட்டுக்கே வழி தெரியாது."

ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஆகஸ்ட் கடைசியில வாளியோட போனேன். ஒரு பழம் இல்ல. வெறும் காம்பு. குன்வோர்கிட்டதான் போய்ப் புலம்பினேன்.

"பழம் தின்ன நாரைக் கூட்டம் இறங்கியிருக்கும். இந்த வருஷம் அதுங்க தொல்லை ரொம்பத்தான்"னா.

பாவம் நாரைங்க! அதுங்களை நான் திட்டின திட்டு கொஞ்சநஞ்சமில்ல.

முல்டே கிரீம் இல்லாம எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் நடந்ததே கிடையாது. டிசம்பர்ல குன்வோர் ஒரு ஜாடி முல்டேயோட வந்து நின்னா.

"வடக்கே டிரோம்ஸாவுலேர்ந்து என் சித்தப்பா பொண்ணு அனுப்பினா. உனக்குக் குடுக்காம தின்னா என் தொண்டையில இறங்குமா?"

கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன்.

பிப்ரவரியில நூலகத்துல அவ படங்களை மாட்டினாங்க. நடுவுல ஆள் உயரத்துக்கு வனராணி, பின்னாடி என் சதுப்பு. யாரும் அடையாளம் கண்டுடக்கூடாதுன்னு அந்த வளைஞ்ச பைன் மரத்தை அழிச்சிருந்தா. வாக்கைக் காப்பாத்திட்டாளேன்னு எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம், பழக்கதோஷம், நிழலைப் பார்த்தேன்.

நாங்க போனது காலையில. அப்போ பாறையோட நிழல் ஏரிப் பக்கம் விழும். படத்துல எதிர்ப்பக்கம் நீளமா விழுந்திருந்துச்சு. சாயங்கால வெயில். கிட்டப் போய்க் குனிஞ்சு பார்த்தேன். ராணியோட காலடியில பூ இல்ல. பொன்னு பொன்னா பழம்.

வெளியிலேர்ந்து அப்போதான் வந்த குன்வோர் பக்கத்துல நின்னா. "எப்படிடி இருக்கு?"

"பிரமாதம். சாயங்காலம் எடுத்தது. ஆகஸ்ட் மாசம்."

அவ கழுத்தெல்லாம் சிவந்துபோச்சு. "காலை வெளிச்சம் ராணிக்குப் பொருந்தல ஹெர்டிஸ். வெளிச்சத்துக்காகத்தான் போனேன்..."

"வாளியோடவா?"



பழம் போனா போகட்டும். நம்ப வெச்சுக் கழுத்தறுத்தா, அதைக்கூட விடுங்க. என் பழத்தையே எனக்குப் பரிசாக் குடுத்து, அழுத என்னைத் தட்டிக்குடுத்துட்டுப் போனாளே! அந்த ஜாடியைக் கழுவித் திருப்பும்போது வெறுமையா குடுக்கக்கூடாதுன்னு, ராப்பகலா பின்னின கம்பளிக் கையுறையை உள்ள வெச்சுக் குடுத்தேன். அதைத்தான் கையில போட்டுக்கிட்டு நின்னா.