ஒரு பிடி மண்

இண்டூரில் ஆரோக்கியராஜ் நடத்திய இன்டர்நெட் தொழிலை அவன் இறந்துபோன பிறகு மனைவி தேவிப்பிரியா எடுத்துக்கொண்டாள். பெரிய ரௌட்டர் வீட்டு முன்னறையில் இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களின் சின்ன ரௌட்டர்கள் அதைக் கூப்பிடும். அவன் ஒதுக்கிவைத்த முகவரி வரிசைக்குள்ளிருந்து எது கூப்பிட்டாலும், யார் என்ன என்று கேட்காமல் அண்டை வீடாகச் சேர்த்துக்கொண்டு இணைப்புக் கொடுக்கும். பாஸ்வேர்டு போடச் சொல்லி அவள் நச்சரித்தபோதெல்லாம், "வர்றது நம்ம ஆளுங்கதானே பிரியா" என்று சிரிப்பான்.

அந்த நம்ம ஆட்களில் ஒருவன் மாதையன். கூடவே கம்பம் ஏறியவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஆரோக்கியராஜின் அடக்கத்தன்று அவனைக் காணோம். எல்லோரும் குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அந்நேரம் மாதையன் கம்பத்தின் மேல் இருந்ததை, பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் தாமதமாக வந்த உறவுக்காரர்கள் பார்த்திருந்தார்கள். தேவிப்பிரியாவின் ஒயரிலேயே தன் ரௌட்டரைக் கோத்து, தக்காளி மண்டிக்காரர்களுக்கு இணைப்பு விற்கத் தொடங்கியிருந்தான். முகவரி வரிசை அவனுக்குத் தெரியும் என்பதால், பெரிய ரௌட்டர் அவனையும் சேர்த்துக்கொண்டது.

ஒயரை வெட்டி எறியச் சொன்னாள் மாமியார் சாலம்மாள்.

"வெட்டினா மறுபடியும் கட்டிக்குவான் அத்தை. கதவுக்கே பூட்டுப் போடறேன்."

புதிதாக ஒரு முகவரி வரிசை எடுத்து, அதில் வரும் ரௌட்டர் குழு மொத்தத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டாள். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு ரௌட்டரிலும் அதையே அடித்து, புது வரிசைக்கு மாற்றினாள். ஓரிடத்தில் பாஸ்வேர்டின் முடிவில் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்து, ஒரு மத்தியானம் முழுக்க இணைப்பே வரவில்லை. கடைசியில் பழைய வரிசையில் மாதையன் மட்டும் மிஞ்சினான். அன்றே அவனையும் பூட்டியிருக்கலாம். அவன் புது ஆபீஸ் திறப்பு விழாவுக்குப் பத்திரிகை அனுப்பியிருந்ததால் காத்திருந்தாள்.

விழாவன்று, மண்டிக்காரர்கள் கூடியிருந்த நேரம் பார்த்து, பழைய குழுவுக்கும் வேறொரு பாஸ்வேர்டை ஒரே வரியில் அடித்து, இணைப்பை அறுத்துப் புதுப்பித்தாள். திரும்பக் கூப்பிட்ட அவன் ரௌட்டரிடம் பாஸ்வேர்டு இல்லை. வெளியே நின்றது.

சீக்கிரமே மாதையனின் போன் வந்தது.

"லைன் செத்துப்போச்சும்மா, டிவியெல்லாம் நின்னுடுச்சு. பாஸ்வேர்டு ஏதாச்சும் போட்டியா? என்னன்னு சொல்லும்மா, எல்லாரும் பாக்கறாங்க."

அண்ணா என்றே அவனை அழைத்துவந்தவள், இம்முறை அந்தச் சொல்லை விட்டுவிட்டாள்.

"ஒரு பிடி மண்ணு போட வந்திருந்தீங்கன்னா, அன்னைக்கே சொல்லியிருப்பேங்க."

அவனுக்குப் பின்னால் யாரோ ஏளனமாகச் சிரிப்பது கேட்டது. அவன் போனை வைக்கும்வரை அவள் வைக்கவில்லை.