ஃபாரின் சாரின் நாலு மாதம்

அவர் வெளிநாட்டில் படித்தது மொத்தம் நாலே மாதம். அங்கிருந்து திரும்பி வந்துகொண்டிருப்பதுதான் இருபத்து நாலு வருஷமாக நடக்கிறது.

டைல்ஸ் கடையில் மேனேஜர். குளியலறைக்குக் கல் பார்க்க வருகிறவர்கள் ஈரத்தில் வழுக்குமா என்று கேட்டால், வழுக்கும், வழுக்காது என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார். "அங்கெல்லாம் பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணி கீழ விழாதுங்க. சாக்ஸ் போட்டுக்கிட்டே உள்ள போலாம். நாங்க அங்க இருந்தப்ப..." என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் மாதிரிக் கல்லைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தோள் கடுக்க நிற்பார். கடையில் சரக்கு இறக்குகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஃபாரின் சார். அது கிண்டல் என்பது தெருவுக்கே தெரியும். அவர் மட்டும் அதைப் பாராட்டு என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

வீட்டிலும் அதே பாட்டுதான். டீ ஆறிப்போனால் "அங்கெல்லாம்". பஸ் வரவில்லையென்றால் "அங்கெல்லாம்". ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதபோது, "அங்கெல்லாம் குழந்தைங்க இப்படிக் கத்தாது" என்றார்.

"ஏன், எல்லாம் ஊமையாவே பொறக்குதா?" என்றாள் மனைவி.

"உனக்கு எங்க புரியப் போகுது? நீ போனதில்ல."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவர் குடும்பம் நடத்தினார்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "வலிக்கும். கையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குத்துவாள். பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கிறவள் இனிமையாகப் பேசுகிறவள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பாள். ஆட்கள் துள்ளுவதும் ஊசி வளைவதும் பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான்.

கல்யாணமான புதிதில் அவர் தன் ஆல்பத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். பதினோரு படங்கள். கல்லூரியில் வருஷத்துக்கு ஒருவரை வெளிநாட்டுக்கு ஒரு பருவம் படிக்க அனுப்புவார்களாம். அந்த வருஷம் இவரை அனுப்பினார்கள். முதலில் தேர்வான பையனுக்கு மஞ்சள் காமாலை வந்ததால்தான் இவர் முறை வந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அது பிற்பாடு மாமியார் வாயிலிருந்து வந்தது.

"இது போன மொத வாரம். இது நடுவுல லீவு விட்டப்ப. இது கெளம்பறதுக்கு முன்னாடி, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரே அழுகை."

படத்தில் ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லை. ஒரு பாலம், இவர். ஒரு கோபுரம், இவர். யாருடையதோ ஒரு கார், அதன்மேல் சாய்ந்துகொண்டு இவர். கோட்டுக்குள் தெரிந்த சட்டை மட்டும் ஒன்றிரண்டு படத்தில் வேறு. ஆனால் பதினோரு படத்திலும் இடது கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. அதே முனை பிரிந்து, அதே ஓரம் கறுத்து. நாள் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டிப் பிழைக்கிறவளிடம் காட்டுகிற படமா அது? முதல் வாரமும் இல்லை, லீவும் இல்லை. மனிதர் ஒரே நாளில், கையில் ஒரு மாற்றுச் சட்டையோடு ஊரைச் சுற்றி ஓடி எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்திருக்கிறார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. வந்த மாதமே புருஷனைத் தோலுரித்துவிட்டு மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது? தவிர, அளப்பதைத் தவிர்த்தால் அவர் மோசமான மனிதரும் இல்லை. குடி கிடையாது. குப்பைக் கூடையை அவரே வெளியே வைப்பார். மகளுக்குச் சின்ன வயதில் விடாத காய்ச்சல் கண்டபோது பத்து நாள் கடைக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர். அந்தப் பத்து நாளில் "அங்கெல்லாம்" என்ற வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை.

அந்த மகள்தான் வளர்ந்து கட்டடக்கலை படித்து, அவளும் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கத் தேர்வானாள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். செய்தி வந்த நாளிலிருந்து அப்பாவின் கால் தரையில் பாவவில்லை. பெட்டி கட்டும்போது நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"யாருக்கும் பயப்படாத. நான் போன ஒரே வாரத்துல அந்த ஊரே எனக்கு அத்துப்படி. ரெண்டாவது வாரம் வாத்தியாரே என்கிட்ட வந்து உக்காந்து பேசுவாரு."

மனைவியின் தம்பி பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்திருந்தான். "மாமா, அவ போறது வேற நாடு. நீங்க போனது வேற."

"வெளிநாடு எல்லாம் ஒண்ணுதான்டா."

"அப்ப உள்நாட்டுல இருக்கற நாங்கதான் வேற வேறயா?"

பாப்பா சிரிக்கவில்லை. அப்பா சொன்னதையெல்லாம் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அம்மா அதை அப்போதே கவனித்தாள்; ஆனால் துணி மடிக்கிற மும்முரத்தில் விட்டுவிட்டாள்.

போன முதல் பத்து நாள் படமாக வந்து குவிந்தது. பனி, மரம், ஜன்னல், ஜன்னலில் பனி. அப்பா அத்தனையையும் கடை முழுக்கக் காட்டினார். பிறகு படம் குறைந்தது. வீடியோவில் பேசும்போது பின்னால் எப்போதும் ஒரே சுவர், ஒரே ஆணி. "நல்லா இருக்கியா?" என்றால் "நல்லா இருக்கேம்மா." "சாப்ட்டியா?" என்றால் "சாப்ட்டேம்மா." எதைக் கேட்டாலும் கேட்டதையே திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பரிசோதனை நிலையத்துக்கே போன் வந்தது. அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு மாடிப்படிக்கு வந்தாள்.

"அம்மா, நான் திரும்பி வந்துடறேன்."

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. வாத்தியார் பேசுகிற வேகத்தில் பாதி புரியவில்லை. நாலு பேராகச் சேர்ந்து ஒரு நூலகக் கட்டடத்துக்கு அட்டையில் மாதிரி செய்ய வேண்டும். மற்ற மூன்று பேரும் கூடிக்கூடிப் பேசுவார்கள். இவளுக்கு அட்டை வெட்டுகிற வேலை. எந்த அட்டை எதற்கு என்று கூடச் சொல்ல மாட்டார்கள், அளவைக் கையில் கொடுப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாருடன் உட்காருவது என்று தெரியாமல், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எடுத்துவிட்டால் டிக்கெட்டை மாற்றித் தருவார்களாம். இங்கே ஒரு வருஷம் போகும். போனால் போகட்டும்.

"அப்பா ஒரே வாரத்துல எல்லாரையும் ஃப்ரெண்ட் ஆக்கிட்டாரு. எனக்கு ஆறு வாரமாச்சு. ஒருத்தர் கூட இல்ல. எனக்குள்ள என்னம்மா கோளாறு?"

அம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதம்மா. கடை பூரா சொல்லி வெச்சிருக்காரு. அவருக்கு அசிங்கமாயிடும்."

சாயங்காலம் அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் டிவியை அணைத்தாள். ஆல்பத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது; யாரோ பார்க்கக் கேட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

"இந்தப் பிளாஸ்திரி எதுக்கு ஒட்டினீங்க?"

"எந்தப் பிளாஸ்திரி?"

"பதினோரு படத்துலயும் இருக்கே, அது."

அவர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தப் படங்களில் அவர் தன் முகத்தை மட்டும்தான் பார்த்து வந்திருக்கிறார். விரல் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"ரொட்டி வெட்டினேன். கத்தி பட்டுடுச்சு."

"நாலு மாசமா வெட்டினீங்களா?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"எப்ப கண்டுபிடிச்ச?" என்றார் கடைசியில்.

"கல்யாணமாகி மூணாவது வாரம்."

"இத்தனை வருஷமா கேக்கலியே?"

"தேவைப்படல. இப்ப தேவைப்படுது."

மகள் சொன்னதையெல்லாம் சொன்னாள். சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னாள். அவர் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள்ளேயே எங்கேயோ புறப்படுகிறவர் மாதிரி.

"போனைப் போடு. நான் தைரியம் சொல்றேன். நான் அங்க எப்படிச் சமாளிச்சேன்னு சொன்னாலே..."

"உங்க தைரியம்தாங்க அவள அடிச்சுப் போட்டிருக்கு. நீங்க அங்க நெஜமா எப்படி இருந்தீங்க? அதச் சொல்லுங்க."

"பெத்த பொண்ணுகிட்ட மானத்த வாங்கச் சொல்றியா?"

"உங்க மானத்த யாரும் இங்க தேடிக்கிட்டு இல்ல. அவளுக்கு ஒரு வருஷம் போகப் போகுது. உக்காருங்க."

போன் போட்டாள். மகள் முகம் வந்தது. பின்னால் அதே சுவர், அதே ஆணி. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா, நாங்க அங்க இருந்தப்ப இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. ஒரு தடவ எங்க வாத்தியாரு என்ன பண்ணாருன்னா..." என்று குதிரையைத் தட்டிவிட்டார். திருந்துகிற ஜென்மமா? இடுப்பில் கையை வைத்து மனைவி எதிரே நின்றாள். அவர் இரண்டு வாக்கியம் ஓடினார். மூன்றாவது வாக்கியம் பாதியில் நொண்டியது. கீழே விரிந்து கிடந்த ஆல்பத்தைப் பார்த்தார்.

"வாத்தியாருக்கு என் பேரே தெரியாது பாப்பா."

"என்னப்பா?"

"கடைசி வரைக்கும் என்னை வேற ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டாரு. நானும் திருத்தல. ரூமுக்குள்ளயே கெடந்தேன். விடுதியில எல்லாருக்கும் பொதுவா ஒரு சமையல் ரூம் இருக்கும். அங்க யாராவது இருந்தா பேசணுமேன்னு, காலடிச் சத்தம் ஓயற வரைக்கும் கதவுக்குப் பின்னாலயே நிப்பேன். ஓடிப் போய் முட்டையை அவிச்சு, துண்டுக்குள்ள சுத்தி எடுத்துக்கிட்டு ஓடி வந்துடுவேன். திருடன் மாதிரி. அந்தப் படமெல்லாம் கெளம்பறதுக்கு மொத நாள் எடுத்தது. வழியில போறவங்ககிட்ட கேமராவக் காட்டி, கையாலயே சைகை செஞ்சு..."

அந்தப் பக்கம் முகம் போனுக்கு நெருங்கி வந்தது. பிறகு பாப்பா சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். "துண்டுக்குள்ளயா? முட்டையவா?" அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

"அப்புறம் எப்பப்பா சரியாச்சு?"

அவர் மனைவியைப் பார்த்தார். இந்தக் கேள்விக்கு அவரிடம் நல்ல நல்ல பதிலாகப் பத்து இருந்திருக்கும்.

"சரியாகவே இல்ல பாப்பா. நாலு மாசம் முடிஞ்சுது. ஃப்ளைட் ஏறிட்டேன்."

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஆணிக்குக் கீழே அவள் முகம் மட்டும் இருந்தது.

"இல்லப்பா," என்றாள் மெதுவாக. "நான் அப்படி வரக் கூடாது."

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது. அவர் முகம் சுண்டியது. கையை மட்டும் ஆட்டாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அது வருவது அபூர்வம் என்பதால் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் பாப்பா சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், அந்த மூன்று பேர் இருந்த மேஜையிலேயே தட்டை வைத்தாள். நீங்கள் பேசுகிற வேகம் எனக்குப் புரியவில்லை, அட்டை வெட்டுவதற்கு மட்டும் நான் இவ்வளவு தூரம் வரவில்லை என்று சொன்னாள். அம்மாவிடம் பிறகு சொன்னபடி பார்த்தால், ஒருவன் முகத்தைச் சுளித்தான். ஒருத்தி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள். மூன்றாவது ஆள் சாப்பாட்டிலிருந்து தலையையே தூக்கவில்லை. இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பெயரை எடுக்கவில்லை. மாதிரியில் மாடிப்படி மட்டும் இவள் வரைந்தபடி அமைந்தது. நாற்காலியை நகர்த்தியவளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போனாள். நடுவில் இரண்டு முறை அழுதுகொண்டே போன் செய்தாள். மதிப்பெண் சுமார்தான்.

இங்கே அப்பா மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. வழுக்குமா என்று கேட்டவர்களிடம் "வழுக்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினார். சரக்கு இறக்குகிறவர்கள் பயந்துபோய் அவர் மச்சினனிடம் விசாரித்தார்கள்: "ஃபாரின் சாருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

நாலாவது வாரம் குணமாகிவிட்டார்.

"நான் அங்க பட்ட பாடு எவனும் பட்டிருக்க மாட்டான். நாலு மாசம் வெறும் முட்டை. ஒருத்தன் ஏன்னு கேக்கல." இப்படி ஒரு சரக்கு தன்னிடம் இத்தனை வருஷமாகச் சும்மா கிடந்திருக்கிறதே என்று அவரே வியந்துபோனார். பெருமைக்கு வாய் பிளந்தவர்களைவிடக் கஷ்டத்துக்கு உச்சுக்கொட்டுகிறவர்கள் அதிகம் என்பது அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பாலமும் கோபுரமும் போன இடம் தெரியவில்லை. துண்டு கிழிந்த துண்டாயிற்று. பிறகு துண்டே இல்லாமல் சுடச்சுடக் கையிலேயே முட்டையை ஏந்திக்கொண்டு ஓடினார்.

பாப்பா திரும்பி வந்த மறுநாள் அவருடைய தங்கை பார்க்க வந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "எப்படிடி இருந்துச்சு?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"பாதி நாள் பிடிச்சுது அத்தை. பாதி நாள் பிடிக்கல. ஒரு ஃப்ரெண்ட் கெடைச்சா."

"ம்." அத்தை காத்திருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. "இவ்ளோ செலவு பண்ணிப் போய் இவ்ளோதானா? நீ சொல்லுண்ணே, நீ போனப்ப எப்படி இருந்துச்சு?"

அவர் மகளை ஒரு தடவை பார்த்தார். கொஞ்சம் கூச்சம் இருந்தது போலத்தான் தெரிந்தது. பாப்பா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே, சொல்லுங்க என்பதுபோலத் தலையாட்டிவிட்டு எழுந்தாள். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உள்ளே அம்மா தட்டுகளைக் கழுவ, மகள் துடைத்து அடுக்கினாள்.

"முட்டை எதுல வந்து நிக்குதும்மா?"

"போன வாரம் வரைக்கும் வேக வெச்சாரு. இந்த வாரம் அடுப்பே இல்லையாம்."

"பச்சையாவா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். கூடத்தில் நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.